தொப்பையோடு தலைமறைவு

"இந்த ரெண்டு இடுப்பும் யாருதுன்னு எனக்குத் தெரிஞ்சாவணும் மேடம்."

சொல்லிவிட்டு மலர்விழி தன் கைப்பையிலிருந்து எதையோ எடுத்து மேஜைமேல் வீசினாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வீரமணி அவசரமாக டீ கிளாசைத் தூக்கிக்கொண்டான். விழுந்தவை இரண்டு பட்டைகள். தோல் நிறம், ஒரு முழம் அகலம், இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டன. ஒன்று பெரியது, இன்னொன்று அதைவிடச் சின்னது.

கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் ஒரு செல்போன் கடையின் மேல்மாடிதான் பவுலின் துப்பறியும் நிலையம். பவுலின் முன்பு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். மேலதிகாரி ஒருவருடைய மச்சானை மணல் லாரியோடு பிடித்துவிட்டாள். அதற்குப் பரிசாக ஊர் ஊராகத் தூக்கியடித்தார்கள். ஒருநாள் புது ஊர் எதுவென்றுகூடப் பார்க்காமல் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். இப்போது பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணை. பையன் குடிப்பானா, சொன்ன சம்பளம் நிஜமா, ஏற்கெனவே எங்காவது குடும்பம் இருக்கிறதா, இப்படி.

வீரமணி அவளுடைய உதவியாளன். கார் ஓட்டுவான், ஆள் பின்னால் போவான், யாரும் கேட்காமல் கருத்து சொல்வான்.

"இடுப்புன்னு இதையா சொல்றீங்க?" என்றாள் பவுலின்.

"இதுங்களத்தான். பொம்பளைங்க ஒல்லியா தெரியறதுக்கு உள்ள போட்டுக்கற பெல்ட்டு. எங்க வூட்டுக்காரரு பேருக்குக் கூரியர்ல வந்துது. ரைஸ் மில்லு மேனேஜர் அவரு இல்லன்னு எங்கிட்ட குடுத்துட்டாரு. பாருங்க, ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னது. ரெண்டு பேரு மேடம்! ரெண்டு!"

"மில்லு ஒண்ணு, பிராஞ்சு ரெண்டுங்களா?" என்றான் வீரமணி.

பவுலின் அவனைப் பார்த்தாள். அவன் டீயைப் பார்த்தான்.

மலர்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னாள். கணவர் பெயர் தெய்வசிகாமணி. ரைஸ் மில் முதலாளி என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஒரே மகள் சுபஸ்ரீக்குக் கல்யாணம் நெருங்கிவிட்டது, பத்திரிகை கொடுத்து முடித்தாகிவிட்டது. இந்த நேரத்தில் முட்டி வலிக்குக் கேரளாவில் எண்ணெய் வைத்தியம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனவர் இன்னும் வரவில்லை. தினம் போனில் பேசுகிறார். ஆனால் வீடியோவில் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

"முட்டிக்கு எண்ணெய் தேய்க்கற எடத்துல மூஞ்சிய காட்டக்கூடாதா மேடம்? இப்ப ரெண்டு நாளா போனும் சரியா எடுக்கறதில்ல. நேத்து திருக்கோவிலூர்லருந்து மாப்பிள்ளையோட அம்மா பேசினாங்க. 'கல்யாணத்தக் கொஞ்சம் தள்ளி வெச்சிக்கலாமா சம்பந்தி'ன்னாங்க. ஏன்னு கேக்கறதுக்குள்ள வெச்சிட்டாங்க. அவங்களுக்கு விஷயம் தெரிஞ்சி போச்சு. எம்பொண்ணு ரூமுக்குள்ள கதவ சாத்திக்கினு கெடக்கறா."

பவுலின் பெரிய பட்டையை எடுத்தாள். "வீரமணி, எழுந்து நில்லு."

"மேடம், நான் நிரபராதி."

சட்டைக்கு மேலேயே அதை அவன் வயிற்றைச் சுற்றிக் கட்டினாள். கச்சிதமாகப் பொருந்தியது.

"பொம்பளைங்க போடறதுன்னா நடுவுல ஒடுங்கி, கீழ அகண்டு வரும். இது மேலருந்து கீழ வரைக்கும் ஒரே அளவு, மூட்டை மாதிரி."

"பொதுவா சொல்றீங்களா, இல்ல என்னச் சொல்றீங்களா?"

"எனக்கு சிசேரியன் ஆனப்போ ஆஸ்பத்திரில இப்படி ஒண்ணுதான் கட்டி வுட்டாங்க. இது அழகுக்குப் போடறது இல்லம்மா. வயித்துல தையல் போட்டவங்க போட்டுக்கறது."

மலர்விழியின் முகத்தில் இருந்த கோபம் ஒரு நொடியில் காணாமல் போனது. "ஐயோ... வயித்துல தையலா? கட்டி கிட்டி எதனா வந்து எங்கிட்ட மறைச்சிட்டாரா?"

"பதறாதீங்க. அவரு போறதுக்கு முன்னாடி வழக்கத்துக்கு மாறா எதனா செஞ்சாரா?"

"டைலர் போன் பண்ணான். கல்யாணத்துக்குப் பட்டுச் சட்டை தைக்கக் குடுத்தாராம். கூடக் குடுத்த அளவுச் சட்டை அவருது இல்ல, எவனோ ஒல்லிப் பையனுது, மாத்திக் குடுத்துட்டாரான்னு கேட்டான். அவரக் கேட்டா, 'அதே அளவுல தைக்கச் சொல்லு'ன்னாரு. அப்புறம் மில்லு ஆபீசுல அவரு மத்தியானம் சாஞ்சு தூங்கற சோபா ஒண்ணு உண்டு. பட்டனத் தட்டினா காலத் தூக்கி வெக்குமே, அது. அதையும் காணோம்."

"ஜோடியா போற ஆளு கட்டிலல்ல தூக்கிக்கினு போவாரு..." என்று ஆரம்பித்த வீரமணி, பவுலின் திரும்புவதற்குள் தானே வாயை மூடிக்கொண்டான்.

"அவன் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குது" என்றாள் பவுலின். "மக கல்யாணத்துக்குச் சட்டை தைக்கக் குடுத்த ஆளு ஓடிப்போவ மாட்டாரு, திரும்பி வருவாரு. ஒல்லிப் பையன் அளவுல குடுத்திருக்காருன்னா, ஒல்லியா திரும்பி வரப்போறாரு. நீட்டிப் படுக்க முடியாது, அதனால சாய்ற சோபா. வயித்துக்குப் பட்டை. வீக்கம் இருக்கறப்போ பெரிய பட்டை, வடிஞ்சதும் சின்னப் பட்டை. ரெண்டு பேரு இல்லம்மா. ஒரே ஆளு, எளச்சிக்கினு வர்றாரு. உங்க வூட்டுக்காரரு தொப்பைய வெட்டிக்கினாரு."

மலர்விழி சின்னப் பட்டையைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தாள்.

"வெட்டிக்கினாரா?" என்றாள் மலர்விழி. "ஆம்பளையா? அதுக்கெல்லாமா ஆபரேஷன் இருக்குது?"

வீரமணி தன் செல்போனை நீட்டினான். திரையில் ஒரு விளம்பரம். இடது பக்கம் தொப்பையோடு ஒருவர், தாயார் இறந்துபோன மாதிரி முகம். வலது பக்கம் அதே ஆள், வயிறு தட்டை, வாயெல்லாம் பல். கீழே கொட்டை எழுத்தில், 'அப்பாவும் ஹீரோதான்! ஆண்களுக்கான டம்மி டக்!'

"தொங்கற தோலையும் கொழுப்பையும் வெட்டி எடுத்துட்டு, மிச்சத்த இழுத்துத் தைச்சிடுவாங்களாம்மா. கொஞ்ச நாளைக்கு நிமிர முடியாதாம், கூன் போட்டுத்தான் நடக்கணுமாம்."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் பவுலின்.

"எனக்குத் தினம் இந்த வெளம்பரம் வருது மேடம். போனுக்கு யார் சொன்னாங்கன்னுதான் தெரியல."

பவுலின் கேட்டதும் மலர்விழி நிச்சயதார்த்தப் படங்களைக் காட்டினாள். உயரமாக, கொழுகொழுவென்று தெய்வசிகாமணி. பக்கத்தில் அவர் தோளுக்கு வரும் உயரத்தில், அதே சுற்றளவில் இன்னொருவர். "இவருதான் மாப்பிள்ளையோட அப்பா, பொன்னுரங்கம். திருக்கோவிலூர்ல உரக்கடை வெச்சிருக்காரு." இரண்டு அப்பாக்களும் ஆளுக்கொரு பழத்தட்டை வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லாப் படத்திலும் அப்படியே.

"தட்டைக் கீழயே வெக்கலியா?"

"போட்டோக்காரன் குடுத்தான், புடிச்சிக்கினு நின்னாங்க" என்றாள் மலர்விழி.

"சரி. ஆள நாம தேட வேணாம். சோபாவத் தேடுவோம்."

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லோடு வண்டிகள் நிற்கும் இடத்தில், மில்லுக்கு வழக்கமாக வண்டி ஓட்டும் பகலவன் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். பவுலின் காரிலேயே உட்கார்ந்துகொண்டாள். வீரமணி இறங்கிப் போய் அவன் பக்கத்தில் சலித்துக்கொண்டே சாய்ந்தான்.

"அண்ணே, மில்லுக்காரருக்கு இன்னொரு சாய்ற சோபா வந்து நிக்குது. அதே எடத்துக்கு ஏத்திக்கினு போவணுமாம்."

பகலவன் பீடியை எடுத்தான். "இன்னொண்ணா? அங்க இன்னா சினிமா தியேட்டரா கட்டறாரு?"

"பெரிய மனுசங்க விஷயம். நமக்கு எதுக்கு? வாடகை எவ்ளோன்னு சொல்லு."

"எடம் கொஞ்சமா நஞ்சமா? வெள்ளிமலைல, கடைத்தெரு தாண்டி, பச்சைக் கேட்டு போட்ட தனி வூடு. மலையேத்தம் வேற. ஜாஸ்திதான் ஆவும்." சட்டென்று அவன் முகம் மாறியது. "யோவ்! எங்கன்னு சொல்ல மாட்டேன்னு பிள்ளையார் கோயில்ல சத்தியம் பண்ணியிருக்கேன்யா!"

"எங்கண்ணே சொன்ன? வாடகைதான சொன்ன?"

பகலவன் யோசித்துப் பார்த்து, நிம்மதியாகப் பீடியைத் திரும்ப வாயில் வைத்தான்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வண்டி கல்வராயன் மலையில் ஏறத் தொடங்கியது. வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வந்தது. வீரமணியின் வாய் மட்டும் சூடு குறையவில்லை.

"ஊர்ல பாதி ஜனம் கூலி கெடைக்காத நாள்ல வயிறு ஒட்டிப்போய்ப் படுத்துக்கினு இருக்குது மேடம். இந்தப் பக்கம் ஒருத்தரு வயித்த ஒட்ட வெக்க ஆஸ்பத்திரிக்குப் போறாரு. ரெண்டு பேரையும் கொஞ்ச நாளைக்கு வூடு மாத்தி உட்டா கத்தியே வேணாம்."

"வளைவுல பேசாத. ரோட்டப் பாரு."

வெள்ளிமலை கடைத்தெருவில் ஒரு டீக்கடை. கல்லாவில் உட்கார்ந்திருந்த காசியம்மாள், பச்சைக் கேட்டு வீடு என்றதுமே சிரித்துவிட்டாள்.

"சாமியாரு வூட்டுக்கா? நீங்களும் ஆசீர்வாதம் வாங்க வந்தவங்களா?"

பவுலினும் வீரமணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்தச் சாமியாருங்க?"

"பேரு தெரியாது. வந்து கொஞ்ச நாளாச்சு. ராத்திரி பகலு படுக்கவே மாட்டாராம், உக்காந்தே தவமாம். யாரப் பாத்தாலும் தல நிமிரமாட்டாரு, குனிஞ்சே நடப்பாரு. அவ்ளோ பணிவாம். பாதி மூச்சுலதான் பேசறாராம். அருவி பாக்க வர்ற டூரிஸ்டுங்க எவனோ போட்டோ புடிச்சிப் போட்டுட்டான். அதுலருந்து சனி, ஞாயிறு ஆனா காரு நிக்குது. எனக்கு நல்லதுதான், டீ வியாபாரம் ஆவுது."

"அற்புதம் எதனா செய்வாராங்க?" என்று கேட்டான் வீரமணி, முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டு.

"காலைல உயரமா இருப்பாராம். சாயங்காலம் குள்ளமா ஆயிடுவாராம். வந்தவங்க சொல்றாங்க. இப்ப ரெண்டு மூணு நாளா குள்ளமாவே இருக்காராம். தவம் முத்திடுச்சாம்."

"குனிஞ்சிருக்கற ஆளோட உயரத்த எவன் அளந்தான்?" என்று வீரமணி சிரித்துக்கொண்டே காருக்கு நடந்தான். பவுலின் சிரிக்கவில்லை. ஏதோ ஒன்று கணக்கில் உதைத்தது. எது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

பச்சை கேட்டின் முன்னால் சேலத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் வாழைப்பழத் தாரோடு காத்திருந்தது. உள்ளே வாசற்படியில் ஏற்கெனவே பலாப்பழம், தேன் பாட்டில், மாலை எல்லாம் குவிந்திருந்தன. "சாமி மத்தியானம் யாரையும் பாக்கறதில்லியாம்" என்றார் அந்த வீட்டுப் பெரியவர்.

"நாங்க சாமிக்குத் துணி தைக்கறவங்க" என்று சொல்லிவிட்டு வீரமணி கேட்டைத் திறந்தான்.

கதவு ஒருக்களித்திருந்தது. கூடத்தில், மில்லிலிருந்து காணாமல் போன அதே சாய்வு சோபா. அதில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர். வேட்டிக்கு மேலே தோல் நிறப் பட்டை. பக்கத்து முக்காலியில் பாதி தின்ற பிரியாணிப் பொட்டலம்.

பவுலின் தொண்டையைக் கனைத்தாள். "வணக்கம் தெய்வசிகாமணி சார். உங்க சம்சாரம் அனுப்பிச்சாங்க."

அந்த உருவம் திடுக்கிட்டு, கூனோடு எழுந்து, கூனோடே திரும்பியது.

அது தெய்வசிகாமணி இல்லை. போட்டோவில் அவர் பக்கத்தில் பழத்தட்டோடு நின்றவர். மாப்பிள்ளையின் அப்பா, பொன்னுரங்கம்.

"மேடம்" என்றான் வீரமணி மெதுவாக. "அந்தம்மா சொன்னதுதான் கரெக்ட்டு. ரெண்டு பேரு."

"எனக்கும் கண்ணு இருக்குது."

கூரியரில் வந்தவை மாற்றிக் கட்ட வாங்கியவை, பெரிய பட்டை உயரமானவருக்கு, சின்னப் பட்டை குள்ளமானவருக்கு. காலையில் ஒருத்தர், சாயங்காலம் ஒருத்தர். சினிமா தியேட்டரா கட்டறாரு என்று பகலவன் கேட்டது, அவன் ஏற்கெனவே இரண்டு சோபா ஏற்றிப் போயிருந்ததால். மூன்று பேர் மூன்று தடவை இரண்டு என்று சொல்லியும் தன் காதில் ஒன்று என்றே விழுந்ததை நினைத்து பவுலினுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

பொன்னுரங்கம் கையெடுத்துக் கும்பிட்டார். ஏற்கெனவே குனிந்திருந்ததால் அது காலில் விழுவதுபோல இருந்தது. "தயவு பண்ணி எங்க வூட்ல சொல்லிடாதீங்க. காசிக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். தெனம் போன் பண்றப்போ பக்கத்துல மணி வேற அடிச்சிக் காட்டறேன்."

"எதுக்குங்க இந்த வேலை?"

"நிச்சயதார்த்தத்துல அந்தப் போட்டோக்காரன் மைக்குலயே சொல்லிட்டாம்மா. 'அப்பாங்க ரெண்டு பேரும் தட்டத் தூக்கி வயித்த மறைச்சிக்குங்க, பொண்ணு மாப்பிள்ளையே தெரியல'ன்னான். மண்டபமே சிரிச்சிது. அன்னைக்கு சாப்புடறப்போ நானும் சம்பந்தியும் பக்கத்துல பக்கத்துல உக்காந்தோம். ரெண்டு பேரும் பாயசத்தத் தொடல. அவருதான் மொதல்ல இந்த வெளம்பரத்தக் காட்டினாரு. சேந்து போனா தைரியமா இருக்கும்னு போனோம். நல்ல பெரிய ஆஸ்பத்திரிதான். நடக்கணும்னு சொன்னாங்க, நடுவுல வந்து காட்டணும்னு சொன்னாங்க. நாங்கதான் வெளிய போனா யாராச்சும் பாத்துடுவாங்கன்னு..."

"சம்பந்தி எங்க?"

அவர் முகம் வாடியது. உள்ளறையைக் காட்டினார்.

உள்ளே ஜன்னல் சாத்தியிருந்தது. இரண்டாவது சோபாவில் தெய்வசிகாமணி கண்ணை மூடிக் கிடந்தார். வயிறு நிஜமாகவே தட்டையாக இருந்தது. ஆனால் பவுலின் வயிற்றைப் பார்க்கவில்லை. போர்வைக்கு வெளியே நீண்டிருந்த இடது காலைப் பார்த்தாள். கெண்டைக்கால் மறு காலைப் போல ஒன்றரை மடங்கு வீங்கி, சிவந்து பளபளத்தது. தொட்டால் சுட்டது.

"எப்பத்துலருந்து இப்படி?"

"ரெண்டு மூணு நாளா" என்றார் பொன்னுரங்கம். "எவ்ளோவோ சொல்லிட்டேன், ஆஸ்பத்திரி வேணாங்கறாரு. ஊரு வாயி அடங்கட்டும், கல்யாணம் முடியட்டும்ங்கறாரு. எனக்குப் பயமா இருக்குதும்மா."

தெய்வசிகாமணி கண்ணைத் திறந்தார். "யாரு நீங்க? யாரா இருந்தாலும் போயிடுங்க. நான் வரமாட்டேன்."

"சார், நடக்காம ஒரே எடத்துல உக்காந்திருந்தா கால்ல ரத்தம் கட்டிக்கும். அது அங்கருந்து கெளம்பி நெஞ்சுக்குப் போச்சுன்னா நேரம் குடுக்காது. இப்பவே கெளம்பணும்."

"கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரில வாட்ச்மேன்லருந்து எல்லாரும் என்னத் தெரிஞ்சவங்க. இன்னா ஆபரேஷன்னு கேப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள ஊரு பூரா பரவிடும். சாகற வரைக்கும் தொப்பை வெட்டின மில்லுக்காரன்னுதான் கூப்புடுவானுங்க. எம்பொண்ணு கல்யாணத்துல அத்தினி பேரும் என் மூஞ்சப் பாக்க மாட்டானுங்க, வயித்ததான் பாப்பானுங்க."

பவுலின் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"அப்ப ஒரு வழி இருக்குது சார். இங்கயே இருங்க. கல்யாணத்துல மேடை பக்கத்துல உங்க போட்டோ ஒண்ண மாட்டி மாலை போட்டு வெப்பாங்க. அதுல கழுத்து வரைக்கும்தான் போடுவாங்க. வயிறே தெரியாது."

தெய்வசிகாமணி அவளையே பார்த்தார். வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, இன்னொரு கையை வீரமணியிடம் நீட்டினார்.

"மெதுவா தூக்குப்பா. இழுக்குது."

வெளியே வந்தபோது சேலத்துக் குடும்பம் உறைந்துபோய் நின்றது. ஒரு சாமியைப் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் இரண்டு சாமிகள், ஒரே மாதிரி கூன் போட்டு, ஒரே மாதிரி பட்டை கட்டி, ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு வந்தன. உயரமும் குள்ளமும் ஒரே நேரத்தில்! பெரியவர் வாழைத்தாரோடு தரையில் விழுந்தார்.

"சாமி, ஒரு வார்த்த சொல்லுங்க!"

"நடங்க" என்று முனகினார் தெய்வசிகாமணி, வலியில். "ஒரே எடத்துல உக்காராதீங்க. தெனம் நடங்க."

பெரியவர் அதை மனைவியிடம் திருப்பிச் சொன்னார். அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வீரமணி காரை அன்று ஓட்டியதுபோல் என்றும் ஓட்டியதில்லை. மலையிலிருந்து இறங்கிக்கொண்டே பவுலின் மூன்று போன்கள் செய்தாள். ஒன்று ஆஸ்பத்திரிக்கு, ஒன்று மலர்விழிக்கு. மூன்றாவது போனைச் செய்யும்போது பின்சீட்டில் பொன்னுரங்கம் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து சொன்னார். காலில் ரத்தம் கட்டித்தான் இருந்தது. மருந்து ஏற்றியாகிவிட்டது. இன்னும் தாமதித்திருந்தால் தன் கையில் இருந்திருக்காது, இப்போது பயமில்லை. கொஞ்ச நாள் இங்கேயே இருக்க வேண்டும். மகள் கல்யாணத்துக்குப் போகலாம், ஆனால் ரொம்ப நேரம் நிற்கக்கூடாது. பொன்னுரங்கத்துக்கு ஒன்றுமில்லை. பிரியாணியை நிறுத்தினால் போதும்.

தாழ்வாரத்தில் மலர்விழி நின்றுகொண்டிருந்தாள். திருக்கோவிலூரிலிருந்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள் பொன்னுரங்கத்தின் மனைவி அருள்மொழி. இரண்டு சம்பந்தியம்மாக்களும் முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"தள்ளி வெக்கலாம்னு சொன்னீங்களே, இதுக்குத்தானா சம்பந்தி?" என்றாள் மலர்விழி கடைசியில். "எங்க வூட்டு விஷயம் முன்னாடியே தெரியுமா?"

"உங்க வூட்டு விஷயமா? எனக்கு எங்க வூட்டு விஷயமே தெரியாதே!" அருள்மொழி தலையில் கை வைத்துக்கொண்டாள். "காசிக்குப் போன மனுசன் திரும்பி வரல. போன் பண்ணா எந்நேரமும் மணி சத்தம். சாமியாரா போயிட்டாருன்னு முடிவே பண்ணிட்டேன். மாப்பிள்ளையோட அப்பா சாமியாரா போயிட்டாருன்னா நீங்க பொண்ணு குடுப்பீங்களா? அதான் தேடிப் புடிக்கற வரைக்கும் தள்ளிப் போடலாம்னு..."

"நீங்க பயந்தது வீண் போவலீங்க" என்றான் வீரமணி. "ரெண்டு பேருமே கொஞ்ச நாள் சாமியாராத்தான் இருந்தாங்க."

அவன் மலைக்கதையைச் சொல்லச் சொல்ல, அருள்மொழிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. மலர்விழிக்கும் வந்தது. இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்து, சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியாமல் அழுதார்கள்.

"தேதி அப்படியே இருக்கட்டும் சம்பந்தி" என்றாள் அருள்மொழி மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நான் போய் அந்தக் காசிக்காரரப் பாத்துட்டு வரேன்."

மலர்விழி உள்ளே போனபோது தெய்வசிகாமணி விழித்துத்தான் இருந்தார். கால் தலையணைமேல் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அறைவாசலில் நின்ற பவுலினுக்கு நகர வேண்டும் என்று தோன்றியது. ஆனால் கால் வரவில்லை.

"எல்லாருக்கும் தெரிஞ்சி போச்சா?"

"ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சி போச்சு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா நீங்க?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ சிரிச்ச."

"எப்போ?"

"நிச்சயதார்த்தத்துல. போட்டோக்காரன் சொன்னப்போ. மண்டபமே சிரிச்சிது, அது எனக்குப் பெரிசாத் தெரியல. திரும்பி உன்னப் பாத்தேன். நீயும் வாயப் பொத்திக்கினு சிரிச்சிக்கினு இருந்த."

மலர்விழி நினைவுபடுத்திப் பார்த்தாள். பந்தி, பூ, தாம்பூலம், யார் வந்தார்கள், யார் கோபித்துக்கொண்டார்கள், எல்லாம் வந்தது. அது மட்டும் வரவில்லை.

"ஞாபகம் இல்லீங்க" என்றாள். பிறகு, "சிரிச்சிருப்பேன்" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார்.

"நான் இன்னா நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுமா? நீங்க எவளோ ஒருத்தியோட போயிட்டீங்கன்னு."

தெய்வசிகாமணிக்குச் சிரிப்பு வந்து, தையல் இழுத்து, முகம் கோணியது. "என்ன மாரி ஆளுகூட எவ வருவா?"

"நான் வரல?"

அவர் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, கட்டில் விளிம்பில் துழாவி, அவள் கையைக் கண்டுபிடித்து, தன் கட்டுப்போட்ட வயிற்றின்மேல் மெல்ல வைத்துக்கொண்டார்.

பவுலின் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.